பதத்துக்கு வந்த பீப்பாய்

எங்கள் குடியேற்றத்துக்கு மணப்பெண்ணாகக் கப்பலில் வந்து இறங்கிய அன்றே தாம்சின் சொல்லிவிட்டாள்: "எவன் புகையிலைப் பீப்பாய் முதல்ல கப்பல் ஏறுதோ, அவனைக் கட்டிக்கிறேன். மூஞ்சியப் பாத்து ஏமாறுறதுக்கு இது தேவல."

அன்றிலிருந்து என் அண்ணன் அம்புரோசுக்குச் சோளக்கஞ்சி இறங்கவில்லை. அவளைப் பார்த்தால் தொப்பியைக் கழற்றுவான். திரும்பப் போட்டுக்கொள்ள மறந்துவிடுவான்.

பக்கத்துத் தோட்டத்து முதலாளி ஸ்டப்ஸும் அவளைப் பெண் கேட்டிருந்தார். எங்கள் பக்கத்தில் அவர் வீட்டுச் சன்னலுக்கு மட்டும்தான் கண்ணாடி உண்டு.

எங்கள் இலையெல்லாம் கொட்டகையில் தொங்கியது. ஆனால் காய்ந்த காற்று. தொட்டால் பொடியாகும். ஈரம் பட்டுப் பதத்துக்கு வந்தால்தான் இறக்கி அடைக்க முடியும். ஸ்டப்ஸ் காத்திருக்கவில்லை. காய்ந்ததையே அடைத்துத் துறையில் வைத்துவிட்டார். கப்பல் கிளம்பும் நாளில்தான் கேப்டன் இலையைப் பார்த்து ஏற்றுவார்.

"மழைக்குக் காத்திருந்தா மாப்பிள்ளை கிழவனாயிடுவாரு, அம்புரோசு!" என்று சிரித்தார்.

கப்பல் கிளம்பும் நாள் விடிந்தபோது ஆற்றிலிருந்து மூடுபனி ஏறி வந்தது. ஓர் இலையைத் தொட்டேன். கையுறை மாதிரி மடங்கியது.

"அண்ணே! பதம்! பதம் வந்துருச்சு!"

நான் போட்ட கூச்சலில் தாம்சினே ஓடி வந்துவிட்டாள். "டார்க்கஸ், என்னடி, வீடு பத்திக்கிச்சா?"

"மத்தியானம் கப்பல் போயிரும். பீப்பாய்க்குள்ள இலைய மிதிச்சு அமுக்க ஆளில்ல!"

"ஏன், எனக்குக் கால் இல்லையா?"

செருப்பை உதறிவிட்டுப் பீப்பாய்க்குள் குதித்தாள். நாங்கள் இலையைப் போடப் போட மிதித்தாள். புகையிலை நெடி தலைக்கேறியது. முதலில் சிரித்தாள், பிறகு பாடினாள். எனக்கும் கொட்டகை சுற்றியது. முக்கால் பீப்பாய் நிரம்பியதும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இறங்க முடியலங்க. பூமி ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குது!"

"கொஞ்சம் சாய்ச்சா இறங்கிரலாம்" என்றான் அண்ணன்.

சாய்த்தான். கொட்டகை வாசலிலிருந்து படகுத்துறை வரைக்கும் ஒரே சரிவு என்பது அவனுக்கு மறந்துபோனது.

பீப்பாய் உருண்டது. உள்ளிருந்து "ஐயோ!" என்று ஒரு சத்தம், "ஹோ!" என்று ஒரு சத்தம், மாறி மாறி. கோழிகள் பறந்தன. அண்ணன் பின்னால் ஓடினான். நான் ஓடவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் சிரித்துக்கொண்டே விழுந்தேன்.

துறையில் கேப்டன் அப்போதுதான் ஸ்டப்ஸின் பீப்பாய்க்குள் கையை விட்டிருந்தார். வந்தது தூள். தும்மினார். மறுபடி தும்மினார்.

"நல்ல இலைதாங்க..." என்று ஸ்டப்ஸ் இழுத்தார்.

"இது இலையா, மூக்குப்பொடியா?"

எங்கள் பீப்பாய் அவர் காலடியில் வந்து முட்டி நின்றது. ஓர் இலையை இழுத்து மடித்தார். உடையவில்லை.

"இது ஏறட்டும்" என்றார். "மூடி அடிக்கிறதுக்கு முன்னாடி பொண்ணு இறங்கட்டும்."

கூந்தலெல்லாம் புகையிலையோடு தாம்சின் தவழ்ந்து வெளியே வந்தாள். அண்ணன் மூச்சு வாங்க நின்றான்.

"அடி... அடி பட்டுச்சா?"

"நானும் பதத்துக்கு வந்துட்டேன். மடிச்சாலும் உடைய மாட்டேன். போய்ப் பாதிரியாரைக் கூப்பிடுங்க."

அண்ணன் தொப்பியைக் கழற்றக் கையை உயர்த்தினான். தொப்பி சரிவிலேயே விழுந்திருந்தது. அவள் தன் தலையிலிருந்து பெரிய இலை ஒன்றை எடுத்து அவன் தலையில் வைத்தாள். அதைக் கழற்றி அவளுக்கு வணக்கம் சொன்னான். இந்த முறை திரும்பப் போட்டுக்கொள்ள மறக்கவில்லை.