விண்டோஸை அழித்தவள்

மாதவன் ஓசூரில் ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்தான். கோவில்பட்டி வீட்டுக்கு மாதத்துக்கு ஒருதரம் வருவான், மற்றபடி போன்தான். அவன் மனைவி சுதாராணி அந்தப் போனை எடுக்கவே பயப்படுவாள்.

"பொம்பளையாளுக விடுதியில என்ன வாடகைன்னு ஒனக்கு எதுக்கு?" என்பான். இன்னொரு நாள், "எங்கம்மா ஒன்னயக் கொடுமப்படுத்துதாளோ? அப்படித்தான் சொல்லிக்கிட்டுத் திரியுதியோ?" என்பான். அவள் அவனிடம் சொல்லாததெல்லாம் அவனுக்குத் தெரிந்திருந்தது.

மாமியார் மாதவனின் தம்பி வீட்டில் இருந்தாள், இந்த வீட்டில் சுதாராணி ஒருத்திதான். மாதவன் வாங்கி வைத்த கம்ப்யூட்டரில் டியூஷன் சென்டர்களுக்குக் கேள்வித்தாள் டைப் அடித்துக் கொடுப்பது அவள் வேலை. மனசு தாங்காத நாளில் சிநேகிதி அமுதவள்ளிக்கு மெயில் எழுதுவாள். இல்லையென்றால் பக்கத்து வீட்டு ஆவுடைத்தாயிடம் சொல்லி அழுவாள். அமுதவள்ளிக்கும் மாதவனுக்கும் பேச்சே கிடையாது. அப்படியானால் கோள் சொல்வது யார்? ஆவுடைத்தாய்தான் என்று முடிவு கட்டிவிட்டாள். போன கோடையில் தண்ணீர் லாரிக்குத் தெருவே கூடி நின்றபோது, "எங் குடும்பத்தக் கெடுக்க வந்த கோள்மூட்டி" என்று அந்த அம்மாளின் முகத்துக்கு நேராகக் கத்தினாள். ஆவுடைத்தாய் நிறையாத குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அதற்குப் பிறகு ஆவுடைத்தாய் வந்தால் தெருப் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

ஐப்பசியில் ஒருநாள், மணியாச்சிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்து வேலைக்கு விண்ணப்பம் டைப் அடித்தாள் சுதாராணி. பாதியில் பயந்துபோய், சேமிக்காமலே அழித்துவிட்டாள். யாரிடமும் மூச்சு விடவில்லை.

அன்று சாயங்காலம் போனில் மாதவன் சிரித்தான். "பள்ளிக்கூடத்துக்குப் போயி என்னத்தக் கிழிக்கப் போற?"

அந்த விண்ணப்பத்தைப் பார்த்தது கம்ப்யூட்டர் மட்டும்தான். போனை வைத்துவிட்டு அவள் அமுதவள்ளியை வரச் சொன்னாள்.

பாலிடெக்னிக் லேப்பில் வேலை செய்யும் அமுதவள்ளி ஞாயிற்றுக்கிழமை வந்தாள். கொஞ்ச நேரம் துழாவியவள் நாற்காலியில் சாய்ந்துவிட்டாள். "ஏட்டி, இதுல ஒண்ணு ஓடிக்கிட்டே இருக்கு. நீ அடிக்குதது, பாக்குதது அம்புட்டையும் படம் புடிச்சி வெளிய அனுப்புது."

"அத மட்டும் எடுத்துப் போட்டுரு."

"எடுத்தா ஒங்க வீட்டுக்காரரு ஓசூர்ல இருந்தே திரும்பப் போட்டுருவாரு. இந்த மெஷினுக்கு எசமான் அவருதான். ஒனக்கு உள்ள வந்து போக அனுமதி, அவ்வளவுதான். பேசாம விண்டோஸையே தொடச்சிட்டு அதுக்குப் பதிலா லினக்ஸ்னு வேற ஒண்ண ஏத்திருவோம். காசு கெடையாது. இந்த விண்டோஸுக்கு இனி அப்டேட் வராதாம், அதான் மாத்திட்டேன்னு சொல்லிக்கோ. பாஸ்வேர்ட் ஒனக்கு மட்டும் தெரிஞ்சாப் போதும்."

கேள்வித்தாள்களையும் பாமினி எழுத்துருவையும் பென் டிரைவில் எடுத்துக்கொண்டார்கள். "கல்யாண போட்டோல்லாம் கெடக்கே?" என்றாள் அமுதவள்ளி.

"கெடக்கட்டும். அழி."

புதுத் திரை வந்தது. எழுத்துகள் சில இடத்தில் உடைந்து தெரிந்தன, பிரிண்டர் முரண்டு பிடித்தது. சுதாராணி அதற்கெல்லாம் கவலைப்படவில்லை. அமுதவள்ளி போன பிறகு வெற்றுப் பக்கத்தைத் திறந்து வாய்க்கு வந்த வசவையெல்லாம் டைப் அடித்தாள். அழுகை வந்தது. போன் வரவில்லை.

மறுநாள் வந்தது. "கம்ப்யூட்டர் ஓடலையோ?"

"ஓடுதே. இப்பமும் டைப் அடிச்சிக்கிட்டுத்தான இருக்கேன்."

"பொய் சொல்லாத."

"பொய்யின்னு ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவன் போனை வைத்துவிட்டான்.

அன்றே ஆவுடைத்தாய் வீட்டுக்குப் போனாள். அந்த அம்மாள் முற்றத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொல்லி, "மதினி, என்னய மன்னிச்சிருங்க" என்றாள் சுதாராணி.

சுளகு நின்றது. "ஒங்க வீட்டு மெஷினு செஞ்சதுக்கு என்னயத் தெருவுல வச்சி அசிங்கப்படுத்துன. இப்பம் வீட்டுக்குள்ள வந்து மன்னிப்புக் கேக்குத. அங்கன போயிச் சொல்லுவியா?"

அங்கே சொல்வதென்றால் புருஷனின் காரியத்தைச் சொல்ல வேண்டும். சுதாராணி தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டாள். ஆனால் அந்தக் கேள்வி அவளைச் சும்மா இருக்கவிடவில்லை. வியாழக்கிழமை ரேஷன் கடை வரிசையில் நின்றபோது, பக்கத்தில் நின்ற நாலு பெண்களும் கேட்கச் சொல்லிவிட்டாள். "ஆவுடைத்தாய் மதினி எதுவும் சொல்லல. எங்க வீட்டுக்காரருதான் கம்ப்யூட்டர் வழியா என்னய வேவு பாத்திருக்காரு."

யாரும் 'ஐயோ' என்று சொல்லவில்லை. ஒருத்தி கேட்டாள்: "கட்டுன புருஷன் பாக்கக்கூடாததா நீ என்னத்தப் பாத்த?"

பேச்சு மாதவனின் தம்பி காதுக்குப் போனது. மாதவன் சனிக்கிழமையே வந்து இறங்கினான். செருப்பைக்கூடக் கழற்றாமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். அது பாஸ்வேர்ட் கேட்டது.

"சொல்லு."

"அது என்னோடது."

"தனியா இருக்கவளேன்னு ஒன் நல்லதுக்குத்தான் பாத்தேன். நீ தெருவுல வச்சி எம் மானத்த வாங்கிட்ட. எவனுக்காகட்டி மறைக்குத?"

அவன் ஒயர்களைப் பிடுங்கி, பெட்டியைத் தூக்கி முற்றத்துச் சிமெண்டில் போட்டான். திரும்பத் தூக்கிப் போட்டான். பிறகு அவளுடைய துணிகளை ஒரு பையில் திணித்து வாசலில் வைத்துவிட்டு வீட்டைப் பூட்டினான். "கடம்பூருக்குப் போ. ஒங்கப்பன் வந்து பேசட்டும்."

ஆட்டோ வந்தபோது ஆவுடைத்தாய் தன் வாசலில் நின்றாள். ஆட்டோ போகும்வரை உள்ளே போகவில்லை.

கடம்பூரில் அம்மாவும் ரேஷன் வரிசையில் நின்ற பெண் கேட்டதையே கேட்டாள். அப்பா, போய்க் காலில் விழு என்றார். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு சுதாராணி கோவில்பட்டிக்குத் திரும்பி, அமுதவள்ளி வீட்டு மாடி அறையில் தங்கினாள். லேப்பில் கழித்துக் கட்டி ஏலம் விட்ட பழைய கம்ப்யூட்டர் ஒன்றை அமுதவள்ளி வாங்கி வந்தாள். அதிலும் லினக்ஸையே ஏற்றினார்கள். இந்தத் தடவை சுதாராணியே ஏற்றினாள்.

ஊரில் கதை வேறு மாதிரி பரவியிருந்தது. அவளுக்கு எவனோடோ பழக்கம், அதை மறைக்கத்தான் கம்ப்யூட்டரையே அழித்தாள் என்றார்கள். டியூஷன் சென்டர்கள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டன. கடைசியில் ஒன்று மட்டும் மிஞ்சியது. அதன் உரிமையாளரும் அவளை நேரில் வரவேண்டாம், மெயிலில் அனுப்பினால் போதும் என்றார்.

அவள் ஏழாம் வகுப்பு அறிவியல் தாளை அடித்து முடித்து அனுப்பினாள்.