பல்லின் நிறம்

மகனின் போனில் இருந்த வீடியோவைக் கணவர் மறுபடியும் ஓடவிட்டார். பள்ளிக்கூட வாசலில் மகன் இன்னொரு பையனை வாயில் குத்துகிறான். அவன் வாயைப் பொத்திக்கொண்டு சரிகிறான்.

"ஒரே குத்து. அப்பன் கை அப்படியே வந்திருக்குடா."

வாய் நிறையச் சாப்பாட்டுடன் சொன்னதில், மென்றது தெறித்துத் திரையில் ஒட்டியது. அதைக் கட்டைவிரலால் வழித்துவிட்டு மீண்டும் பார்த்தார். அவள் தன் தட்டைத் தள்ளிவைத்தாள்.

அவள் செயற்கைப் பல் செய்யும் பட்டறையில் வேலை பார்ப்பவள். அடிபட்டவனுக்கு உடைந்த முன்பல்லைத் தானே செய்துதருவதாக ஒப்புக்கொண்டிருந்தாள். அவனுடைய பல்வரிசையின் பிளாஸ்டர் அச்சு வீட்டு அலமாரியில் இருந்தது. கணவர் அதை எடுத்து டக்டக்கென்று ஆட்டினார்.

"சார், என் பல்லு ஒண்ணு காணோம், பார்த்தீங்களா?"

மகன் மூக்கால் உறுமிச் சிரித்தான். அச்சு அசல் அப்பாவின் சிரிப்பு. தான் பெற்ற பிள்ளைமீதே அவளுக்கு அருவருப்பு வந்தது.

"கீழ வைங்க. அது ஒரு புள்ளையோட வாய்."

"உனக்கு எல்லாமே பெரிசுதான்" என்று கணவர் தண்ணீருக்குக் கை நீட்டினார். சட்டென மகனின் தோள் காதுவரை ஏறி இறங்கியது.

மறுநாள் மகனைப் பட்டறைக்கு அழைத்துப் போனாள். அடிபட்டவன் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான்.

"இவன் கால்ல விழணுமாம்மா?"

"வேணாம். பக்கத்துப் பல்லு நிறத்துக்கு எது ஒத்துப்போகுதுன்னு வெச்சுப் பாரு."

மாதிரிப் பற்கள் கோத்த பட்டையை நீட்டினாள். மகன் அதை வாங்கி, அவன் வாயருகே கையைத் தூக்கினான். அடிபட்டவன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். அவன் தோள் காதுவரை ஏறியது.

மகனின் கை அப்படியே நின்றது. அந்தத் தோளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அடிக்கலடா" என்றான் மெதுவாக. பட்டையை அவன் உள்ளங்கையில் வைத்தான். கைக்கண்ணாடியை எடுத்துவந்து தரையில் குந்தினான். "நீயே வெச்சுப் பாரு. நான் கண்ணாடி புடிக்கிறேன்."

ஒவ்வொரு மாதிரியாக வைத்துப் பார்த்த அடிபட்டவன் சொன்னான்: "இது ரொம்ப மஞ்சளா இருக்கு."

"என் பல்லு மாதிரி."

அடிபட்டவன் சிரிக்கப் போய், வாயைக் கையால் மறைத்துக்கொண்டான். மகன் தலைகுனிந்தான்.

அன்று சாப்பிடும்போது கணவர், "அந்த வீடியோவ எனக்கு அனுப்பு, கடையில காட்டணும்" என்றார்.

"அழிச்சுட்டேன்பா."

மேசையிலிருந்து கணவரின் கை எழுந்தது. மகனின் தோள் ஏறியது. ஆனால் அவன் எழுந்து போகவில்லை. அவள் மனதுக்குள் கடவுளை அழைத்துக்கொண்டு, நாற்காலியை இருவருக்கும் நடுவில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"கைய எறக்குங்க" என்று துண்டை நீட்டினாள். "மொதல்ல வாயத் தொடைச்சுக்குங்க."