விமானத்துக்குள் இருந்த பை

ஜெசி பஸ்ஸை விட்டு இறங்கும்போதே மைக்செட் சத்தம் கேட்டது. திண்டிவனத்துக்கு மேற்கே மல்லாட்டைக் கடலை விளைந்துகொண்டிருந்த நிலத்தில் எல்லைக்கு முட்டுக்கல் நட்டு, நடுவில் நேராக ஒரு தார் ரோடு போட்டு, மனைப்பிரிவாக ஆக்கியிருந்தார் சீனுவாசன். அன்றைக்குத் திறப்பு விழா. கண்டாச்சிபுரம், முகையூர்ப் பக்கமெல்லாம் வேன் அனுப்பி ஆட்களை அழைத்து வந்திருந்தார். மனை பார்க்க வருகிறவர்களுக்குப் பிரியாணி, பிரியாணிக்கு முன்னால் ஜெட் விமானம். நோட்டீசில் அப்படித்தான் போட்டிருந்தது.

அந்த விமானம் ஜெசியின் கணவன் ஆஸ்வினுடையது. ஆள் ஏறுகிற விமானம் இல்லை. ஓர் ஆள் நீளத்தில், சிவப்பு வண்ணம் பூசி, ரிமோட்டில் பறக்கும் மாடல். ஆனால் உள்ளே இருப்பது பொம்மை மோட்டார் அல்ல, நிஜமான டர்பைன். பெரிய செம்பு அளவுதான் இருக்கும். மண்ணெண்ணெயில் கொஞ்சம் ஆயில் கலந்து ஊற்றினால், பெரிய ஜெட் போலவே ஊளையிட்டுக்கொண்டு, பின்னால் நெருப்புச் சூட்டைக் கக்கும். ஷார்ஜா விமான நிலையத்தில் எட்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு 2010இல் ஊர் திரும்பிய ஆஸ்வின், நகைநட்டு வாங்காமல் இதைத்தான் பெட்டியில் கொண்டுவந்தான். விழுப்புரத்தில் இன்வர்ட்டர் சர்வீஸ் கடை வைத்தான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தால் இருவரும் விமானத்தைக் காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

ஜெசிக்கும் அதில் பாதிப் பங்கு உண்டு. எரிபொருள் நிரப்புவதும், புறப்படும்போது தீயணைப்பு சிலிண்டரைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பதும் அவள் வேலை. விமானத்தின் வயிற்றுக்குள் எரிபொருளுக்கு இருப்பது கெட்டியான டேங்க் இல்லை, ரப்பர் பூசிய துணிப் பை. எரிபொருள் குறையக் குறையப் பை சுருங்கும். உள்ளே காற்றுக்கு இடமே இருக்காது, அதனால் டர்பைனுக்குக் குமிழி போகாது. அதே காரணத்தால் பைக்கு மூச்சுவிட ஓட்டையும் கிடையாது. பம்ப் போட்டு நிரப்பும்போது, பை உப்பி முடிந்ததும் நிறுத்தாவிட்டால் தையல் விட்டுவிடும். ஜெசி ஒரு கையால் பையைத் தொட்டுக்கொண்டே நிரப்புவாள். திண்டிவனத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ் அவள். நரம்பைத் தொட்டுப் பார்க்கிற விரலுக்குப் பையின் இறுக்கம் உடனே தெரிந்துவிடும்.

ஆனால் போன சில வாரங்களாக அவளுக்கு இரவு டியூட்டி. வீட்டில் மாமனார் அமிர்தசாமி பக்கவாதம் வந்து படுக்கையில் கிடந்தார். பகலில் அவருக்குச் செய்துவிட்டுக் கண்ணயரவே நேரம் சரியாக இருந்தது. ஆஸ்வின் தனியாகப் போய்ப் பறக்கவிட்டு வந்தான். பழைய பை கிழிந்துவிட்டது, வேறு ஏற்பாடு பண்ணிவிட்டேன் என்று மட்டும் ஒருநாள் சொன்னான். கடையில் வாங்கியிருப்பான் என்று அவள் மேற்கொண்டு கேட்கவில்லை.

அன்றைக்கும் டியூட்டி முடித்து நேரே வந்திருந்தாள். ஷாமியானா நிரம்பியிருந்தது. தார் ரோட்டின் முனையில் ஆஸ்வின் விமானத்தின் மூடியை முடுக்கிவிட்டு எழுந்துகொண்டிருந்தான். நிரப்பியாயிற்றா என்று கேட்டாள். நீ அசந்து வருவாயே என்று நானே முடித்துவிட்டேன் என்றான். அவள் சிலிண்டரை எடுத்துக்கொண்டு அவன் பக்கத்தில் நின்றாள்.

டர்பைன் சுழன்று பிடித்தது. ஊளை ஏறியது. பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டார்கள். விமானம் ரோட்டில் ஓடி, முனைக்கு முன்பே எழும்பி, சவுக்குத்தோப்புக்கு மேலே வளைந்தது. சீனுவாசன் மைக்கில் ஏதோ வர்ணித்தார். முதல் சுற்று, இரண்டாம் சுற்று. மூன்றாவது சுற்றில் கூட்டத்தின் முன்னால் தாழ்வாக வந்தபோது, வாலிலிருந்து வெள்ளையாக ஒரு கோடு நீண்டது. ஷாமியானாவில் கைதட்டல் எழுந்தது.

"பாருங்க, விமானப்படை மாதிரியே புகை வுடுது பாருங்க" என்றார் சீனுவாசன் மைக்கில்.

அவர்கள் விமானத்தில் புகைவிடுகிற ஏற்பாடே கிடையாது. ஜெசி ஆஸ்வினைத் திரும்பிப் பார்த்தாள். அவன் விமானத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான்.

"எண்ணெ ஊத்துது ஜெசி."

அவன் சொல்லி முடிக்குமுன் ஊளை அறுந்தது. வானம் திடீரென்று அமைதியானது. டர்பைன் அணைந்துவிட்டது. விமானம் ஓசையில்லாமல் சறுக்கிக்கொண்டு கீழே வந்தது. தோப்பின் பக்கம் திருப்பிவிடலாம், ஆனால் அங்கே வேன் டிரைவர்கள் நிழலில் படுத்திருந்தார்கள். ஆஸ்வின் ரோட்டுக்கே கொண்டுவந்தான். சக்கரம் தரையைத் தொட்டது, குதித்தது, மறுபடி தொட்டது. ஷாமியானாவுக்கு நேர் எதிரே வந்து நின்றது.

நின்றபிறகுதான் தீப்பிடித்தது. பறக்கும்வரை காற்று அடித்துக்கொண்டு போன எண்ணெய், நின்றதும் உள்ளே தேங்கி, பழுக்கக் காய்ந்த டர்பைன் மேல் வழிந்தது. 'புஸ்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். வாலுக்கு அடியில் மஞ்சள் நாக்கு நீண்டது. அதுவும் வேடிக்கையில் சேர்ந்தது என்று நினைத்து, செல்போனைத் தூக்கிப் பிடித்தபடி ஆட்கள் கிட்டே ஓடினார்கள். பாவாடை கட்டிய ஒரு சின்னப் பெண் எல்லாருக்கும் முன்னால் ஓடினாள்.

ஜெசி எப்படி ஓடினாள் என்பது பிறகு அவளுக்கே நினைவில்லை. அந்தப் பெண்ணின் தோளைப் பிடித்துப் பின்னால் தள்ளியது மட்டும் ஞாபகம். குனிந்து சிலிண்டரின் வாயை வால் குழாய்க்குள் வைத்து அழுத்தினாள். வெள்ளைப் பனி சீறியது. தீ அமுங்கி, மறுபடி எட்டிப்பார்த்தது. மறுபடி அழுத்தினாள். புருவம் பொசுங்கிய வாடை வந்தபிறகுதான் முகம் எவ்வளவு கிட்டே இருந்தது என்று தெரிந்தது. தீ அணைந்தது. தள்ளிவிடப்பட்ட பெண் உட்கார்ந்து அழுதாள். முட்டியில் சிராய்ப்பு, வேறொன்றுமில்லை.

ஆஸ்வின் ஓடிவந்து மூடியைத் திறந்தான். உள்ளே மண்ணெண்ணெய் குளம் கட்டி நின்றது. அதில் ஒரு பை மிதந்தது.

ஜெசி முதலில் நம்பவில்லை. கையை விட்டு வெளியே எடுத்தாள். ஐந்நூறு, ஆயிரம், ஆயிரத்தைந்நூறு என்று ஓரத்தில் அளவுக்கோடு. மேலே கட்டிலில் மாட்டுகிற கொக்கிக்கான துளை. மாமனாருக்கு மாட்ட அவளே வாங்கிவந்து அலமாரியில் அடுக்கி வைத்திருந்த மூத்திரப் பை. தினமும் அவள் கையால் மாட்டிக் கழற்றுகிற பை. மடிப்பில் ஒரு சாண் நீளத்துக்கு வெடித்துத் திறந்து கிடந்தது.

அவள் கேட்காமலே ஆஸ்வின் எல்லாம் சொன்னான். அசல் பை வெளிநாட்டிலிருந்து வர ரெண்டு மாசம் ஆகும் என்றார்களாம். சீனுவாசன் நோட்டீஸ் அடித்துவிட்டாராம். இதுவும் காற்றுப் புகாத பைதானே, ரெண்டு லிட்டர் பிடிக்கிறதே என்று போட்டுப் பார்த்தானாம். இத்தனை நாள் நன்றாகத்தான் பறந்ததாம்.

அதற்குள் சீனுவாசன் மைக்கோடு வந்துவிட்டார். சின்ன ரிப்பேர், அரைமணி நேரத்தில் மறுபடி பறக்கும் என்று அறிவித்துவிட்டு, மைக்கைப் பொத்திக்கொண்டு ஆஸ்வினைப் பார்த்தார். ஜனம் பாதியிலேயே கலைந்தால் மனை போகாது, தம்பி பார்த்துச் செய்யணும் என்றார்.

ஆஸ்வின் எரிந்த வாலைத் தடவினான். டர்பைனை விரலால் சுற்றிப் பார்த்தான். அது சுற்றியது.

"கார்ல இன்னொரு பை இருக்குது" என்றான்.

தீயைப் பார்த்தபோதுகூட ஜெசிக்கு அப்படித் தூக்கிவாரிப் போடவில்லை. அவள் அவனையே பார்த்தாள். அதே முகம்தான். பதினோரு வருஷமாகப் பக்கத்தில் பார்க்கிற முகம். ஆனால் அதற்குள்ளிருந்து யாரோ பேசுவதுபோல் இருந்தது. அவள் காரை நோக்கி நடந்தாள். பின் சீட்டிலிருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, முன்னால் உட்கார்ந்து, உள்பக்கம் பூட்டிக்கொண்டாள்.

சீனுவாசன் வந்து கண்ணாடியைத் தட்டினார். கோபமில்லாமல், தங்கச்சி என்று கூப்பிட்டே கெஞ்சினார். அவள் திரும்பவில்லை. கார் அடுப்பாய்க் காய்ந்தது. கழுத்தில் வேர்வை ஓடியது. கடைசியில் ஆஸ்வின் வந்து நின்றான். எல்லாரும் பார்க்கிறார்கள், பேஜாரு பண்ணாதே என்றான்.

ஜெசி கண்ணாடியை நாலு விரல் அளவு இறக்கினாள். பையைத் தூக்கிக் காட்டி, ரெண்டாக மடித்தாள், நாலாக மடித்தாள். துணிபோல மடிந்தது.

"இது புதுசு. மூத்திரத்துக்குத்தான் செஞ்சிருக்கான், மண்ணெண்ணெய்க்கு இல்ல. நீங்க அதுல போட்டிருந்தத எடுத்து இதே மாதிரி மடிச்சுப் பாருங்க. பார்த்துட்டு வந்து கேளுங்க, குடுக்கறேன்."

அவன் போனான். அவள் காருக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். விமானத்தின் பக்கத்தில் குந்தி, ஈரம் சொட்டும் பையை எடுத்தான். மடித்தான். அவ்வளவு தூரத்திலிருந்து சத்தம் கேட்கவில்லை. ஆனால் பொரித்த அப்பளம்போல அது அவன் கையில் உடைந்ததைப் பார்த்தாள். மண்ணெண்ணெய் அதிலிருந்த குழைவையெல்லாம் உறிஞ்சியிருந்தது. அவன் இன்னொரு ஓரத்தை மடித்தான். அதுவும் உடைந்தது. துண்டுகளைக் கையில் பொறுக்கிக்கொண்டான். பிறகு தலையைத் தூக்கி ஷாமியானாவைப் பார்த்தான். அங்கே பிரியாணிக்குப் பந்தி போட்டுக்கொண்டிருந்தார்கள். சின்னப் பெண்ணின் முட்டியில் யாரோ எச்சில் தொட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

அவன் எழுந்து சீனுவாசனிடம் போனான். என்ன பேசினார்கள் என்று ஜெசிக்குக் கேட்கவில்லை. சீனுவாசன் கையை ஆட்டி ஆட்டிப் பேசினார். ஆஸ்வின் துண்டுகளை அவர் உள்ளங்கையில் வைத்தான். அவர் அதைப் பார்த்தார், விமானத்தைப் பார்த்தார், வரிசையாக உட்கார்ந்திருந்த ஜனத்தைப் பார்த்தார். அப்புறம் அவர் மைக்கைத் தொடவில்லை. விமானம் இன்றைக்கு அவ்வளவுதான் என்று வேறு யாரோதான் சொன்னார்கள்.

இருவரும் இறக்கையைக் கழற்றி விமானத்தைக் காரில் ஏற்றினார்கள். ஆஸ்வின்தான் ஓட்டினான். விக்கிரவாண்டி வருவதற்கு முன்னால் புளியமரத்தடியில் காரை ஓரங்கட்டினான். ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டான்.

"அந்தப் பொண்ணு முன்னாடியே ஓடியாந்துச்சு ஜெசி" என்றான். "நான் பார்த்துக்கினுதான் இருந்தேன். ரிமோட்ட வச்சுக்கினு நின்னுட்டேன்."

ஜெசி இறங்கிச் சுற்றிவந்து அவன் பக்கத்துக் கதவைத் திறந்தாள். அவன் நகர்ந்து உட்கார்ந்தான். பொசுங்கிய புருவத்தில் வேர்வை பட்டு எரிய, விழுப்புரம்வரை அவளே ஓட்டினாள்.

அசல் பை மழைக்காலத்தில்தான் வந்துசேர்ந்தது. ஆஸ்வின் பெட்டியைப் பிரிக்காமல் அவளிடம் கொடுத்தான். அவள் அதை ஊதி, வாளித் தண்ணீரில் அமுக்கினாள். குமிழி வருகிறதா என்று இருவருமாகக் குனிந்து பார்த்தார்கள்.