கேன்டீன் மார்க்

பிரீசர் பெட்டியின் ஒயரைச் சொருக இடம் தேடிய சகாயம்மாள் அத்தை, சுவரிலிருந்த லேப்டாப் சார்ஜரை வெடுக்கென்று பிடுங்கிப் போட்டாள். ஹாலில் உருப்படியாக வேலை செய்வது அந்த ஒரு பிளக் பாயிண்ட்தான். ரெனிதாவின் மடியிலிருந்த பழைய லேப்டாப் அந்த நிமிடமே அணைந்துபோனது. பெட்டி உறுமிக்கொண்டு ஓட ஆரம்பித்தது. உள்ளே நைனா, கல்யாணத்துக்குக் கிளம்பியவர் மாதிரி வெள்ளைச் சட்டையில் படுத்திருந்தார். நேற்று சாயங்காலம் ரயில்வே ஸ்டேஷனிலிருந்து நடந்து வரும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்தான். ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

"இன்னிக்குமா இத்த வச்சிகினு குந்தினு கீற?" என்றாள் அத்தை.

"இன்னிக்குதான் கடைசி நாள், அத்த. காலேஜ் அப்ளிகேஷன். மத்ததெல்லாம் போட்டாச்சு. கேரளாவுல ஒண்ணு பாக்கி."

"கேரளாவா? அட மாதாவே! அப்பன் இப்டி படுத்துனு கீறான், இவளுக்கு கேரளா கேக்குது. இனிமே ஒங்கம்மாவ யாருடி பாக்கறது? ஆவடில இல்லாத காலேஜா?"

ரெனிதா அம்மாவைப் பார்த்தாள். பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த ஸ்டெல்லா நிமிரவே இல்லை. அத்தை சொல்வது நியாயம்தான் என்று ரெனிதாவுக்கும் பட்டது. சார்ஜர் ஒயரைச் சுற்றி ஜன்னலோரம் வைத்தாள். அழுதால், எதற்கு அழுகிறாள் என்று யாருக்குத் தெரியப் போகிறது?

எந்தெந்தக் காலேஜுக்குப் போடுவது என்ற பட்டியலை நைனாவும் அவளும் சேர்ந்துதான் போட்டார்கள். பயன்பாட்டுக் கணிதத்தை எங்கே நன்றாகச் சொல்லித் தருகிறார்கள், போன வருடம் கட் ஆஃப் எவ்வளவு என்பதெல்லாம் அவள் பொறுப்பு. மேலே எட்டிப் பிடிக்க வேண்டியவை, நடுவில் கிடைக்கக்கூடியவை, கீழே கண்டிப்பாகக் கிடைப்பவை என்று லேப்டாப்பில் கட்டம் கட்டிப் பிரித்திருந்தாள். தொழிற்பேட்டைக் கம்பெனியில் லாரிக்குச் சரக்கு ஏற்றிவிடும் நைனாவுக்கு இதெல்லாம் மண்டையில் ஏறவில்லை.

"மொதல்ல கேன்டீன்ல துன்னு பாக்கணும்மா. சோறே எறங்காத எடத்துல கணக்கு எங்க எறங்கும்?"

அவ்வளவுதான். சனிக்கிழமை வந்தால் அம்பத்தூரில் மின்சார ரயில் ஏறிவிடுவார்கள். காலேஜ் வாசலில் வாட்ச்மேன் மறித்தால், "கணக்கு வாத்தியார பாக்கணும் சார்" என்று நைனா பவ்யமாகச் சொல்வார். உள்ளே விட்டதும் கால் நேராகக் கேன்டீனுக்குப் போகும். பூந்தமல்லிப் பக்கம் ஒரு காலேஜில் சாம்பாரை மோந்து பார்த்துவிட்டு மூன்று மார்க் போட்டார். தாம்பரத்தில் வடை சுடுகிறவரிடம் பேச்சுக் கொடுத்து, அவர் மகனும் அங்கேதான் படிக்கிறான் என்று தெரிந்ததும் எட்டு. "புள்ள துன்ற எடத்துல எவனும் கெட்ட எண்ண ஊத்த மாட்டான்" என்றார். பட்டியலில் கேன்டீன் என்று ஒரு கட்டம் சேர்ந்தது அப்படித்தான். திரும்பும் ரயிலில் அவள் நைனாவின் தோளில் சாய்ந்து தூங்க, அவர் மிச்ச சமோசாவை மடியில் வைத்துக்கொண்டு வருவார். எவ்வளவு நல்ல சனிக்கிழமைகள்!

கேரளாக் காலேஜ்தான் எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது. அவளுக்கு உயிர் அதில்தான். "ஒரு ராத்திரி பிரயாணம்" என்றதும் நைனாவின் முகம் விழுந்துவிட்டது.

"ராத்திரி சோத்துக்கு ஊட்டுக்கு வர்ற தூரமா பாரும்மா" என்றார். அவளும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். அந்த வரிசையில் கேன்டீன் கட்டம் மட்டும் காலியாகவே கிடந்தது.

மூன்று மணிக்குப் பாதிரியார் வந்து ஜெபித்தார். கோயிலில் பூசை முடிந்து, கல்லறைத் தோட்டத்தில் ஆளுக்கொரு பிடி மண் போட்டார்கள். ரெனிதாவின் கையிலிருந்த மண் ஈரமாக இருந்ததால் விரலில் ஒட்டிக்கொண்டது. உதறவும் தோன்றாமல் அப்படியே வீடு வரை வந்தாள்.

வாசலில் கால் கழுவக் காத்திருந்தபோது, நைனாவோடு கம்பெனியில் வேலை பார்க்கும் லோகநாதன் மாமா பக்கத்தில் வந்து நின்றார். அழுது அழுது கண் வீங்கியிருந்தது.

"அப்ளிகேசன் போட்டியாம்மா? கேரளாக்கு?"

"இல்ல மாமா. போடல."

"இன்னாது, போடலயா? அடிப்பாவி, ஒங்கப்பன் அதுக்கோசரம் என்னிய அம்மாந்தூரம் இஸ்துகினு போனானே!"

ரெனிதாவுக்குப் புரியவில்லை. பின்னால் வந்த ஸ்டெல்லா நின்றுவிட்டாள்.

"போன மாசம் வேளாங்கண்ணிக்குப் போறோம்னு சொல்ட்டு போனோமே, அது வேளாங்கண்ணி இல்லம்மா. அந்தக் காலேஜிக்குத்தான். பாசை தெரியாம வாட்ச்மேன் கைல மாட்டிகினு முழிச்சோம். கேன்டீன்ல குந்தி மூணு தபா ரசம் வாங்கிக் குடிச்சான். மீனு துண்டு சின்னது, ரசம் ஏ ஒன், பத்துக்கு ஒம்போதுன்னான். அப்பறம் படிக்கட்டுல குந்திகினு, 'இவ இல்லாத ஊட்ல நான் இன்னாடா பண்ணுவேன்'னு ஓன்னு அழுதான்."

"எங்கிட்ட சொல்லவே இல்லியே மாமா."

"கடைசி நாள் சொல்றேன்னான். 'மூஞ்சத் தூக்கி வச்சினு கீறா, அது வரிக்கும் இருக்கட்டும்'னு சிரிச்சான்மா."

கடைசி நாள் இன்றைக்குத்தான்.

"திரும்பி வந்தப்ப மாதா கோயிலு எண்ணெய் எங்கன்னு கேட்டேன்" என்றாள் ஸ்டெல்லா. "பாட்டில் ரயில்லியே கொட்டிடுச்சின்னாரு. சட்டயில ஒரு கறை இல்ல. மாதா பேர்லயே பொய் சொல்லிருக்காரு பாரேன்!" சிரிக்கப் போனவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நேற்றிலிருந்து அப்போதுதான் அவள் சத்தமாக அழுதாள்.

அத்தை ஓடி வந்து அவளை உள்ளே கூட்டிப்போனாள். ஹாலில் பெட்டி இல்லை. வாடகைக்காரர் எடுத்துப் போயிருந்தார். ஸ்டெல்லா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். ஜன்னலோரம் இருந்த சார்ஜரை எடுத்து, ஒயரைப் பிரித்து, அந்தப் பிளக் பாயிண்டில் சொருகினாள்.

"ஸ்டெல்லா, நீ தனியா..." என்று அத்தை இழுத்தாள்.

"நீங்க கீறீங்கல்ல அண்ணி" என்றாள் ஸ்டெல்லா. அத்தை சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள். பிறகு, "ஆமா, நான் இன்னா செத்தா பூட்டேன்?" என்று முணுமுணுத்துவிட்டு, பக்கத்து வீட்டுக் கெங்கம்மாள் அனுப்பியிருந்த சோற்றை எடுக்கப் போனாள்.

லேப்டாப் மெதுவாக உயிர் பெற்றது. காலியாகக் கிடந்த கட்டத்தில் மண் ஒட்டிய விரலால் ரெனிதா ஒன்பது என்று போட்டாள். பிறகு அப்ளிகேஷனைத் திறந்தாள். அம்மா குனிந்து, பெட்டி இருந்த இடத்தில் தேங்கியிருந்த தண்ணீரைத் துடைக்க ஆரம்பித்தாள்.