இரைச்சல் என்று நீக்கப்பட்டது

அன்று அந்த அறையில் இருந்தவர்கள் கட்டிலில் படுத்திருந்த பெரியக்கா, அவள் மகன், மருமகள், காதுக் கருவி பொருத்த வந்தவர், அக்காவின் தம்பியான பேராசிரியர். வேறு யாரும் இல்லை.

பேராசிரியர் இளமையில் ஒலியியல் ஆய்வுக்கூடத்தில் இருந்தவர். ஒலிப்பதிவுகளிலிருந்து இரைச்சலை நீக்குவது அவர் வேலை. ஒருநாள் நீக்கியதை மட்டும் தனியாகப் போட்டுக் கேட்டார். பக்கத்து அறையைப் பெருக்குகிறவள் தனக்குத்தானே பாடிக்கொண்டிருந்தாள். இதை இரைச்சல் என்று முடிவு செய்தது யார் என்ற கேள்வி அன்று மண்டைக்குள் புகுந்தது. பிறகு வெளியே போகவே இல்லை. அறிவியலை விட்டுத் தத்துவத் துறைக்கு மாறினார். விஞ்ஞானிகள் அவரை வாய்ச்சொல் வீரர் என்றார்கள். தத்துவக்காரர்கள் மெக்கானிக் என்றார்கள். சாப்பாட்டு அறையில் அவருக்கு எதிர் நாற்காலி காலியாகவே கிடந்தது. அவரும் யாரையும் வந்து உட்காரச் சொல்லவில்லை. கெஞ்சுகிற வழக்கம் அந்தக் குடும்பத்தில் கிடையாது.

அவர் எழுதிய ஒரே புத்தகத்தைப் பற்றிக் கேட்டவள் அக்கா ஒருத்திதான்.

"இவ்வளவு தடியா என்னடா எழுதியிருக்கே, கொக்கு?"

"கருவி பொய் சொல்லாதுக்கா. ஆனா எதைச் சொல்லணும், எதை விடணும்னு யாரோ முன்னாடியே முடிவு பண்ணிடறாங்க."

"என் மாமியார் மாதிரின்னு சொல்லு."

அந்தப் புத்தகத்துக்கு அதைவிட நல்ல மதிப்புரை வரவில்லை.

பக்கவாதம் வந்தபின் அக்காவுக்கு வார்த்தைகள் போய்விட்டன. தொண்டையிலிருந்து முனகல் மட்டும் வரும். மற்றவர்கள் அதை வலி என்றார்கள். பேராசிரியர் பேச்சு என்றார். அவரோடு பேச வேறு ஆளும் இல்லை.

பேராசிரியருக்கும் வயதாகிக் காது மந்தமாகிவிட்டது. அக்கா மகன் வாங்கித் தந்த கருவியை அவர் காதில் செருகியதும் மருமகளின் வளையல்கூடத் துல்லியமாகக் கேட்டது.

"இனிமே எதையும் ரெண்டு தடவை சொல்ல வேண்டாம் மாமா, எனக்குப் பாதி ஆயுசு மிச்சம்" என்று மகன் சிரித்தான்.

பேராசிரியர் அக்காவைப் பார்த்தார். உதடு அசைந்தது. சத்தம் இல்லை.

"இவங்க பேசறது மட்டும் கேக்கலையே."

"அது பேச்சு இல்ல சார். இழுவையா வர்ற சத்தத்தை இரைச்சல்னு எடுத்துக்கிட்டு இதுவே குறைச்சிடும்" என்றார் பொருத்த வந்தவர்.

பேராசிரியர் கருவியைக் கழற்றினார். மகன் முகம் தொங்கிப்போயிற்று. அவர் அதைக் கவனிக்காமல் கட்டிலருகே குனிந்தார். நீளமாக ஒரு முனகல், பின்னால் வெட்டினாற்போல் இரண்டு. கடைசியில் குரல் ஏறி நின்றது. டேய், கொக்கு என்று கூப்பிட அவளுக்கு எப்போதும் இருந்த ஏற்றம் அது.

"இங்கதான்க்கா இருக்கேன்."

பிறகு நிமிர்ந்து, "அந்தக் குறைக்கிற வேலையை நிறுத்திடுங்க" என்றார்.

"ஃபேன், ஃப்ரிட்ஜ், ரோடு எல்லாம் காதுக்குள்ள வந்துடும் சார். தலை வலிக்கும்."

"வரட்டும்."

மாற்றித் தந்ததும் அவரே எடுத்து மாட்டிக்கொண்டார்.

அக்கா மகன் ஆசையாக வாங்கித் தந்ததைத் தத்துவம் பேசி வீசியெறிந்துவிட்டார் என்று உறவுக்குள் ஒரு பேச்சு ஓடுகிறது. எறியவில்லை. காதில்தான் இருக்கிறது.