கழற்றி வைத்த கிரீடம்

சாமி வேஷம் கட்டியவன் வாசலில் வந்து நின்றால் எல்லாரும் முகத்தைப் பார்ப்பார்கள். சொரிமுத்து காலைப் பார்த்தான். முகத்தில் நீலச்சாயம், தலையில் தங்கத்தாள் ஒட்டிய கிரீடம், தோளில் மூங்கில் வில். மேலே எல்லாம் ராமர்தான். கால் மட்டும் அய்யாக்குட்டியின் கால். இடது கட்டைவிரலில் நகம் கிடையாது. துறைமுகத்தில் கோதுமை மூட்டை விழுந்து நசுக்கிய விரல் அது. அந்த மூட்டையின் மறுமுனையைப் பிடித்திருந்தவன் சொரிமுத்து. இருவரும் ஒரே கூட்டத்தில் சுமை தூக்குகிறவர்கள்.

தசரா சமயம். முத்தையாபுரத்தில் தெருவுக்கொரு சாமி நடமாடியது. குலசைக் கோயில் முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டு மாலை போட்டு, காளியோ குறவனோ குரங்கோ, நேர்ந்த வேஷத்தைக் கட்டி, வீடுவீடாகக் காணிக்கை வாங்கி அம்மன் உண்டியலில் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். வேஷம் கலைக்கிற வரைக்கும் ஒருவேளைச் சோறுதான். மீன் ஆகாது, பீடி ஆகாது, பொய் ஆகவே ஆகாது. அவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதும் பாவம். சின்னப் பையனானாலும் 'சாமி'தான்.

சொரிமுத்துவின் பெண்டாட்டி பேச்சித்தாய் புடைக்கிற சொளகில் அரிசி கொண்டுவந்து சாமியின் பையில் தட்டிவிட்டு, தெருப்புழுதி என்றும் பாராமல் விழுந்து கும்பிட்டாள். மேளம் அடுத்த வீட்டுக்கு நகர்ந்ததும் சொரிமுத்து பாய்ந்தான்.

"ஏளா, யாரு காலுல விழுந்த?"

"ராமரு காலுல."

"ராமருக்கு நகம் பேந்திருக்குமாளா?"

"மனுசனாப் பொறந்துட்டா முள்ளும் குத்தும், நகமும் பேந்துபோவும். காட்டுல வெறுங்காலோட நடந்தவருதான அவரு?"

"அது கள்ளப்பய காலு. நான் சொல்லுதேன்."

"பாத்தியளா?"

"பாக்கல."

"பாக்காததச் சொல்லாதிய. நாக்கு அழுகிப்போவும்."

பார்க்கவில்லைதான். அதுதான் அவனைப் போட்டு அரித்தது. துறைமுகத்தில் சரக்கு அடுக்குகிற கிட்டங்கியில் ஒரு மரப்பெட்டியைப் பிளந்து செம்புக்கம்பிச் சுருளை யாரோ கொண்டுபோய்விட்டார்கள். பிளந்த பலகையில் ஒரு மூட்டைக்கொக்கி குத்தியபடி நின்றது. சொரிமுத்துவின் கொக்கி. சுமை தூக்குகிறவனுக்குக் கொக்கி இன்னொரு விரல் மாதிரி. அவனவன் கைக்குத் தக்கபடி கொல்லன் பட்டறையில் அடித்து வாங்குவது. அதை யாரும் இரவல் கொடுப்பதில்லை. டீ குடிக்கப் போனாலும் தோளில் மாட்டிக்கொண்டுதான் போவார்கள். அன்றைக்குப் பார்த்து சொரிமுத்துவுக்குத் தோளெல்லாம் வேர்க்குரு. கொக்கியைக் கிட்டங்கிச் சுவரில் ஓர் ஆணியில் மாட்டிவிட்டுப் போனான். திரும்பி வந்தபோது ஆணி மட்டும் இருந்தது.

கிட்டங்கி கிளார்க் தேவபிரசாதம் நாசரேத் ஊர்க்காரர், கிறிஸ்தவர். கத்தமாட்டார். கத்தாமல்தான் சொன்னார்: "தசரா லீவு முடியட்டும், சொரிமுத்து. எடுத்தவன் யாருன்னு தெரிஞ்சா வந்து சொல்லு. இல்லேன்னா கூலிப் பட்டியல்லேர்ந்து உன் பேரை அடிச்சிருவேன். எனக்கும் மேல ஆள் இருக்கு."

எமர்ஜென்சி வந்த வருஷம் அது. ஒருவனிடம் ஒன்று கேட்டால் முதுகுப்பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறந்தான். சொரிமுத்து காவல்காரனைச் சந்தேகப்பட்டான். கிரேன் ஓட்டுகிறவனைச் சந்தேகப்பட்டான். சர்க்கரை கூடப் போட்டுக் கொடுத்த டீக்கடைக்காரனைக்கூட 'இவனுக்கு என்ன திடீர்ப் பாசம்?' என்று பார்த்தான். கடைசியில் எல்லாம் சுற்றி அய்யாக்குட்டியிடம் வந்து நின்றது. அன்று வயிற்றுவலி என்று டீக்கு வராமல் கிட்டங்கியிலேயே படுத்துக்கிடந்தவன் அவன் ஒருவன்தான். ஒருநாளும் கோயில் பக்கம் எட்டிப்பார்க்காதவன், பெட்டி உடைந்த கையோடு மாலை போட்டுக்கொண்டான். வேறு வேஷமா கிடைக்கவில்லை? ஒரு சொல் தப்பாத ராமர் வேஷம்! ஊர் கும்பிடுகிறவனைப் போலீஸ் தொடுமா? பய எங்கே போய் ஒளிந்திருக்கிறான் பாரேன் என்று சொரிமுத்துவுக்கு உள்ளே கொதித்தது.

கொதிக்கக் கொதிக்கத்தான் ஒன்று பட்டது. வேஷத்தோடு இருக்கிறவன் பொய் சொல்லக்கூடாதே. அப்படியானால் வேஷத்தோடு இருக்கும்போதே கேட்டுவிட வேண்டியதுதான்.

மறுநாள் உச்சிவெயிலில் மேளக்காரர்கள் உப்பளத்து ஓரம் உடைமர நிழலில் சாய்ந்திருந்தார்கள். ராமர் தள்ளி, தனியாக உட்கார்ந்திருந்தார். சாயம் வேர்வையில் கரைந்து கழுத்தில் வழிந்தது. சொரிமுத்து எதிரே போய் நின்றான். 'ஏலே' என்றுதான் வாயில் வந்தது. விழுங்கிக்கொண்டு, கையைக் குவித்தான்.

"சாமி. ஒரு வார்த்த கேக்கணும்."

அய்யாக்குட்டி திடுக்கிட்டு நிமிர்ந்தான். ஊர் முழுக்கச் 'சாமி' என்று கூப்பிட்டபோது ஆடாத கிரீடம் இப்போது ஆடியது.

"அந்தப் பெட்டிய ஒடச்சது யாரு சாமி?"

அவன் தோளிலிருந்து வில்லைக் கழற்றினான். துண்டை மடித்து மணலில் விரித்தான். இரண்டு கையாலும் கிரீடத்தைத் தூக்கி அந்தத் துண்டின்மேல் வைத்தான். வெறுந்தலையோடு அண்ணாந்து பார்த்து, "எனக்குத் தெரியாது அண்ணாச்சி" என்றான்.

சொரிமுத்து கிரீடத்தைப் பார்த்தான். அய்யாக்குட்டியைப் பார்த்தான். பிறகு குனிந்து கிரீடத்தை எடுத்து அவன் தலைக்குக் கொண்டுபோனான்.

"இத வச்சிக்கிட்டுச் சொல்லுலே."

"வேண்டாம் அண்ணாச்சி." உட்கார்ந்தபடியே பின்னால் நகர்ந்தான். "எடுத்த பெறவு ஒரே பயமாப் போச்சு. சாமி வேஷம் போட்டா பயம் போவும்னு நெனச்சேன். போடப் போடக் கூடுது. கெழவிகள்லாம் காலுல விழுதாவ. ஒங்க வீட்டம்மாவும் விழுந்தாவ. கால எங்கன கொண்டு வைக்கன்னு தெரியல."

"என் பேர அடிக்கப்போறாங்கலே! அது தெரியுமா ஒனக்கு?"

மேளம் எழுந்துகொண்டது. அய்யாக்குட்டி கிரீடத்தை வாங்கி வைத்துக்கொண்டு போய்விட்டான்.

லீவு முடிவதற்கு முந்தின நாள் சொரிமுத்து கிட்டங்கிக்குப் போனான். பேரைச் சொல்லிவிடுவது என்று முடிவு. ஆனால் சாட்சி? அவன் சொன்னதைக் கேட்டது இவன் ஒருவன்தான். கிரீடத்தைக் கழற்றினான் என்பதெல்லாம் ஒரு சாட்சியா? தேவபிரசாதம் சிரித்துவிட மாட்டாரா? வாசலில் அவன் தயங்கிக்கொண்டு நிற்கையில் கேட்டில் ஒரு சலசலப்பு. காவல்காரன் கன்னத்தில் போட்டுக்கொண்டு வழிவிட, ராமர் வெயிலில் நடந்து வந்தார். மேளம் இல்லை. காணிக்கைப் பையும் இல்லை. கிரீடமும் வில்லும் மட்டும் இருந்தன.

"சார், பெட்டிய ஒடச்சது நான்தான். கொக்கிய ஆணியிலருந்து எடுத்ததும் நான்தான். அண்ணாச்சிக்கு ஒண்ணும் தெரியாது."

தேவபிரசாதம் பேனாவை மூடினார். "இது என்ன கூத்து? வேஷத்தக் கலச்சிட்டு வந்து சொல்லு."

"கலச்சா சொல்ல மாட்டேன் சார்."

தேவபிரசாதம் கிரீடத்தைப் பார்த்தார். "எங்க வேதத்துலயும் ஆண்டவர் மனுஷனாத்தான் வந்தார். அவருக்கு வச்ச கிரீடம் வேற, முள்ளு" என்றார். யாருக்குச் சொன்னார் என்று தெரியவில்லை. பிறகு காவல்காரனைக் கூப்பிட்டு, போலீஸுக்கு அழைத்துப் போகச் சொன்னார். பூட்டிவைத்திருந்த கொக்கியை எடுத்து, சொரிமுத்துவிடம் நீட்டினார்.

சொரிமுத்துவும் கூடப் போனான். போலீஸ் ஸ்டேஷன் வாசல்படியில் அய்யாக்குட்டி நின்றான். கிரீடத்தைக் கழற்றிச் சொரிமுத்துவின் கையில் வைத்தான். "இது உள்ள வரக்கூடாது அண்ணாச்சி. கீழ வச்சிராதிய. குலசையில சேத்துருங்க." நகமில்லாத கால் படியேறி உள்ளே போனது.

தோளில் கொக்கியும் கையில் கிரீடமுமாக சொரிமுத்து வீட்டுக்கு நடந்தான். எதிரே வந்தவர்கள் கும்பிட்டார்கள். தன்னையா, கிரீடத்தையா என்று தெரியாமல் அவன் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

நடந்ததைக் கேட்ட பேச்சித்தாய், "அப்போ ஒத்துக்கிட்டது ராமரா, அய்யாக்குட்டியா?" என்றாள்.

"தெரியலளா. நடந்து வந்த காலு அய்யாக்குட்டி காலுதான்."

கிரீடத்தைச் சுவர் ஆணியில் மாட்டப்போனவன் சட்டென்று கையை இழுத்துக்கொண்டான். ஆணியை நம்புவதை அவன் விட்டாயிற்று. பேச்சித்தாய் சொளகில் அரிசியைப் பரப்பி நீட்டினாள். அதன்மேல் வைத்தான்.

"கையில கொண்டுபோனா நேர்ச்சை எப்படிச் சேரும்? நீங்க தலையில வச்சிக்கிட்டுப் போங்களேன்."

"ஐயையோ, எனக்கு வேண்டாம்."

"ஏன்?"

"வச்சிக்கிட்டா நீ கேக்கதுக்கெல்லாம் நெசத்தச் சொல்லணும்லா?"

சொல்லிவிட்டுச் சிரித்தான். பேச்சித்தாய் சிரிக்கவில்லை. சொளகைப் பிடித்தபடியே அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அப்படி என்னத்தக் கேட்டுருவேனாம்?"