மடுவின் மேல் ஒரு மிதவை

கடற்காகங்கள் விடிந்ததுமே கூச்சலை ஆரம்பித்துவிட்டன. வெர்னா அடுப்பில் காபியை வைத்துவிட்டு ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். அவள் மரவீட்டுக்கு நேர் கீழே, கரைப் பாறைகளுக்கு நடுவே, பத்துப் பதினைந்து பறவைகள் எதையோ பிடுங்கிக்கொண்டிருந்தன. ஆகஸ்ட் மாதத்தில் இந்த ஏரியில் அவற்றுக்கு இப்படி ஒரு விருந்து தானாக வராது. காபி பொங்கினால் பொங்கட்டும் என்று விட்டுவிட்டு ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு இறங்கினாள்.

மீன்கள். அத்தனையும் ஓகா மீன்கள். வெள்ளை வயிறு மேலே தெரிய, அலைக்கு ஏற்றபடி பாறையில் இடித்துக்கொண்டு கிடந்தன. ஓகாவின் கண் இருட்டில் கண்ணாடிபோல மின்னும். அந்தக் கண்கள் இப்போது வெளியே பிதுங்கியிருந்தன. வாயிலிருந்து வயிறு பலூன் மாதிரி ஊதித் துருத்திக்கொண்டிருந்தது. ஒவ்வொரு மீனும் அவள் கை நீளம் இருந்தது. அந்த அளவுக்கு வளர்வது பெட்டை மட்டும்தான், அதுவும் இந்தக் குளிர்ந்த தண்ணீரில் வளர இருபது வருஷம் பிடிக்கும். ஒன்றின் மேலுதட்டில் தூண்டில் முள் குத்திய ஓட்டை பளிச்சென்று தெரிந்தது.

வெர்னாவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பார்த்த உடனே அவளுக்குத் தெரிந்துவிட்டது. யாரோ மடுவில் கைவைத்திருக்கிறார்கள்.

ஏரியின் நடுவே ஒரு மடு இருக்கிறது. நாற்பத்தைந்து அடி ஆழம். அவளுடைய அப்பா கயிற்றில் கல்லைக் கட்டி அளந்து கண்டுபிடித்த இடம். மற்ற இடமெல்லாம் பதினைந்து, இருபது அடிதான். கோடையில் மேல்தண்ணீர் சூடாகும்போது பெரிய பெட்டைகளெல்லாம் அந்த மடுவுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். அங்கிருந்து ஒரு மீனை இழுத்தால் மேலே வரவர அதன் உள்ளே இருக்கும் காற்றுப்பை ஊதிவிடும். திருப்பி விட்டால் வாலை ஆட்டிக்கொண்டு கொஞ்ச தூரம் கீழே போகும். விட்டவனுக்கு மனசு குளிரும். அரை மணி கழித்து அது மல்லாந்து மேலே வந்து மிதக்கும்போது விட்டவன் அங்கே இருக்கமாட்டான்.

அதனால் அவர்கள் குடும்பத்தில் ஒரே ஒரு கட்டுப்பாடு. மடுவில் வலை போடுவதில்லை, தூண்டில் போடுவதில்லை. தப்பித் தவறி ஒன்று வந்துவிட்டால், பெரிசோ சின்னதோ அதைச் சாப்பிட்டே ஆகவேண்டும், அன்றைக்கு அதோடு தூண்டிலைச் சுருட்டிவிட வேண்டும். கீழே பெரிய ஆற்றில் ஆலைக் கழிவு கலந்து, அந்த மீனைத் தின்றவர்களுக்குக் கை நடுங்க ஆரம்பித்த பிறகு, குடும்பத்தோடு கிளம்பி இவ்வளவு வடக்கே வந்து பிழைத்தது இந்தச் சின்ன ஏரியை நம்பித்தான். தாய்மீன்கள் போனால் ஏரி போயிற்று. ஏரி போனால் அவர்கள் போவதற்கு வேறு இடம் கிடையாது.

ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் மீன்களை அள்ளிப் போட்டாள். பறவை கொத்தியதையும் விடவில்லை. தொட்டியைப் படகில் ஏற்றி, மோட்டாரைச் சுண்டி, எதிர்க்கரையில் இருக்கும் லைலின் மீன்பிடி விடுதியை நோக்கிப் படகை விட்டாள். வழியெல்லாம் தம்பி எனிஸைத் திட்டிக்கொண்டே போனாள். அவன்தான் விடுதியில் வழிகாட்டி. விருந்தாளிகளை மீன் இருக்கும் இடத்துக்குக் கூட்டிப்போவது அவன் வேலை. வியாழக்கிழமையிலிருந்து வாடைக்காற்று அடித்து மீன் எதுவும் கடிக்கவில்லை, விருந்தாளிகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று முந்தாநாள் அவன்தான் வந்து சொன்னான். அப்படியானால் அவர்கள் முகத்தில் சிரிப்பை வரவழைக்க எங்கே கூட்டிப்போயிருப்பான் என்று யோசிக்கவே வேண்டாம். அப்பன் வீட்டுச் சொத்தை நாலு பேர் முதுகில் தட்டிக்கொடுத்ததற்காகத் திறந்துவிட்டிருக்கிறான்.

விடுதிப் படகுத்துறையில் ஒரு பலகை உண்டு. பிடிப்போம், விடுவோம், காப்போம் என்று லைல் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருந்தான். அதற்குக் கீழேதான் மீன் வெட்டும் மேசை. எனிஸ் அங்கே நின்று மதியச் சாப்பாட்டுக்குச் சின்ன மீன்களைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தான். நாலு விருந்தாளிகளும் பக்கத்து பெஞ்சில் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். தெற்கே அமெரிக்காவில் அயோவாவிலிருந்து வந்தவர்கள். அவர்களுக்குத் தலைவர் மாதிரி இருந்தவர் ஹார்லன், விதைச்சோளம் விற்று ஓய்வு பெற்றவர், சிவந்த முகமும் நல்ல மனசும் உள்ள மனிதர். நல்ல மனசுக்காரர்கள் செய்யும் அட்டூழியத்துக்கு அளவே கிடையாது.

வெர்னா தொட்டியைத் தூக்கி மேசைமேல் கவிழ்த்தாள். சின்ன மீன்களின் மேல் பெரிய மீன்கள் சரிந்து விழுந்தன.

“வெட்டுடா. இதையும் வெட்டு. எல்லாம் உன் கைங்கரியம்தானே.”

எனிஸ் கத்தியைக் கீழே வைத்தான். அவள் விடவில்லை. அப்பா உயிரோடு இருந்திருந்தால் செவிட்டில் அறைந்திருப்பார் என்றாள். நாற்பது வயசாகியும் எவன் சிரித்தாலும் பின்னால் ஓடுகிற புத்தி போகவில்லை என்றாள். சின்ன வயசில் அவன் படகிலிருந்து விழுந்தபோது தலைமுடியைப் பிடித்து இழுத்ததுதான் தான் செய்த முதல் தப்பு என்றாள். அவன் மேசையில் சரிந்த மீன்களை ஒவ்வொன்றாக ஒதுக்கி வைத்தான். அது அவளுக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

சத்தம் கேட்டு லைல் உள்ளேயிருந்து ஓடிவந்தான். மீன்களைப் பார்த்தான், வெர்னாவைப் பார்த்தான், முதலில் விருந்தாளிகளிடம் மன்னிப்புக் கேட்டான். அதுதான் லைல். பிறகு வெர்னாவிடம், ஏரி அரசாங்கத்துடையது, யாரை எங்கே போகாதே என்று சொல்ல தனக்கு என்ன அதிகாரம் இருக்கிறது என்று இழுத்தான்.

ஹார்லன் எழுந்து வந்து ஒரு மீனைத் தூக்கிப் பார்த்தார். அவருக்கு உண்மையிலேயே வருத்தம்தான்.

“இருக்காதும்மா. இது நாங்க புடிச்சதா இருக்காது. நேத்து பூரா புடிச்சதெல்லாம் தண்ணியிலயே வச்சுத் தடவிக் குடுத்துத்தான் விட்டோம். எல்லாம் நீந்திப் போச்சு. என் கண்ணால பார்த்தேன்.”

“அப்புறம் பார்த்தீங்களா?” என்றாள் வெர்னா. “காத்து எங்க வீட்டுப் பக்கம் அடிச்சுது. அதான் உங்க கண்ணுல படல. என் கண்ணுல பட்டுது.”

மடுவிலிருந்து எடுத்ததைத் தின்றே ஆகவேண்டும் என்பது இங்கே முறை என்றும், எடுத்தவர்கள் அவர்கள், ஆகையால் உட்கார்ந்து தின்னட்டும் என்றும் சொன்னாள். ஹார்லன் சங்கடமாகச் சிரித்தார். பெரிய மீனை வைத்துக்கொள்வது சட்டப்படி தப்பு, மீன்வளக் காவல் அதிகாரி வந்தால் தங்களைத்தான் பிடிப்பார் என்றார். அவருடைய கூட்டாளி ஒருவர், ராத்திரிக்கு லைல் மாட்டிறைச்சி சுடப்போகிறார் என்றும் சேர்த்துக்கொண்டார். லைல் மெதுவாக, காட்டுக்குள் ஒரு குழி தோண்டிப் புதைத்துவிடலாமே என்றான். கொல்லலாம், புதைக்கலாம், தின்னத்தான் கூடாது. அவர்கள் எழுதி வைத்திருக்கும் சட்டத்தின் லட்சணம் அப்படி.

வெர்னா மறுபடி தம்பி பக்கம் திரும்பினாள். இவர்களை அங்கே கூட்டிப்போனதற்கு ஒரு வார்த்தையாவது சொல் என்றாள். அப்போதுதான் எனிஸ் வாயைத் திறந்தான்.

“நான் கூட்டிட்டுப் போகலக்கா. நேத்து பூரா நான் ஜெனரேட்டர் அடியில கெடந்தேன். இவங்களாத்தான் போனாங்க. எங்க வேணாப் போங்க, அந்த மிதக்கிற வெள்ளை கேன் பக்கம் மட்டும் போகாதீங்கன்னு சொல்லித்தான் அனுப்புனேன்.”

ஹார்லன் அதைக் கேட்டு, ஒரு நல்ல விளையாட்டில் ஜெயித்தவர்போல முகம் மலர்ந்தார்.

“போகாதேன்னு சொன்னா அங்கதானே மீன் இருக்கும்? அதுவும் சிவப்புப் பட்டை வேற அடிச்சு வச்சிருக்கு, ஏரிக்கு அந்தப் பக்கத்துலேர்ந்தே தெரியுது. மீன் இல்லாத எடத்துல யாராவது மிதவை கட்டுவாங்களா?”



அந்த மிதவையை முதலில் கட்டியது வெர்னாவின் அப்பா. அந்தக் காலத்தில் அது ஒரு தேவதாரு மரத்துண்டு. பிறகு துணி வெளுக்கும் மருந்து வருகிற வெள்ளை கேன் வந்தது. இங்கே வலை போடாதே, விலகிப் போ என்பதுதான் அதற்கு அர்த்தம். குடும்பத்தில் பிறந்த குழந்தைக்குக்கூட அது தெரியும். அந்தப் பழைய கேன் அழுக்கேறி, பாதி மூழ்கி, தெரிந்தவர்கள் கண்ணுக்கு மட்டும் தெரிகிற மாதிரி இத்தனை வருஷம் கிடந்தது. போன இலையுதிர் காலத்தில் ஜெரமையா சித்தப்பா, கண்ணில் புரை விழுந்தவர், கேனைப் பார்க்காமல் மடுவின் மேலேயே வலையை விட்டுவிட்டார். அன்றைக்கு வந்த மீனைத் தின்று தீர்க்கவே பல நாள் ஆயிற்று. அதனால்தான் வெர்னா பனி உருகியதும் புதுக் கேன் ஒன்றைக் கட்டினாள். சித்தப்பாவுக்குத் தெரியட்டும் என்று சுற்றிலும் சிவப்புப் பெயிண்டால் பட்டை அடித்தாள். அடித்துவிட்டு, தூரத்தில் படகை நிறுத்தி நன்றாகத் தெரிகிறதா என்றுகூடப் பார்த்தாள். தெரிந்தது. ஊருக்கே தெரிந்தது.

போகாதே என்று ஒரு அடையாளம் வைத்தால் போகாமல் இருப்பார்கள் என்று நம்புவது அவள் ஆட்களுக்குத்தான் வரும். விதைச்சோளக்காரனுக்கு அது வா என்று கூப்பிடுகிற பலகை. இந்த வித்தியாசம் ஐம்பத்துநாலு வயசு வரை தன் புத்திக்கு எட்டவில்லையே என்று நினைத்தபோது, அதுவரை தம்பிமேல் இருந்த கோபமெல்லாம் அவள்மேலேயே திரும்பிப் பாய்ந்தது. அதற்காக ஹார்லன்மேல் இருந்தது குறைந்துவிடவில்லை.

நாளைக்கும் அங்கேதான் போகப்போகிறீர்களா என்று கேட்டாள். இவ்வளவு நடந்த பிறகு தங்களுக்கே கஷ்டமாக இருக்கிறது என்றார் ஹார்லன். முன்னைவிட மெதுவாக இழுத்து, இன்னும் கவனமாக விடுவோம் என்றார். சனிக்கிழமை விமானத்தில் வந்து இறங்கும் அடுத்த கூட்டத்துக்கும் அப்படியே சொல்லிவிட்டுப் போகிறோம் என்றார். அந்த வெள்ளை கேன் பக்கம் போங்கள், ஆனால் மெதுவாக இழுங்கள் என்று.

 வெர்னா பெரிய மீன்களை ஒவ்வொன்றாகத் தொட்டியில் எடுத்துப் போட்டாள். எனிஸ் தூக்க வந்தான். அவன் முகத்தைப் பார்க்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது. “சாயங்காலம் வீட்டுக்கு வா. கத்தியோட வா,” என்று மட்டும் சொன்னாள். அதைவிடப் பெரிய மன்னிப்பு அவள் யாரிடமும் கேட்டதில்லை, அது அவனுக்கும் தெரியும்.

சாயங்காலம் இரண்டு பேரும் சேர்ந்து மீன்களை வெட்டினார்கள். வயிற்றுக்குள் அடுத்த வசந்தத்துக்கான முட்டைப்பை அப்போதுதான் விரல் தடிமனுக்குத் திரண்டிருந்தது. வெர்னா ஒவ்வொன்றையும் தனியாக எடுத்து வைத்துக்கொண்டே, வாயில் வந்த வசையெல்லாம் வைதாள். அயோவாவை வைதாள், லைலின் பலகையை வைதாள், பெயிண்ட் டப்பாவை வைதாள். 

மறுநாள் விடியும்போதே அவள் மடுவுக்குப் போனாள். கேனை அறுத்து எறிந்துவிடலாம் என்றுதான் கத்தி எடுத்துப் போயிருந்தாள். அறுத்தால் என்ன ஆகும் என்று படகில் உட்கார்ந்து யோசித்தாள். தேடுவார்கள். நாள் முழுக்க ஏரியில் தூண்டிலை இறக்கித் தேடினால் கண்டுபிடித்தும் விடுவார்கள். அடையாளம் இருக்கும்வரைதான் அவர்கள் வேறு எங்கும் தேடமாட்டார்கள். கத்தியை உறையில் போட்டாள். நங்கூரக் கல்லோடு கேனைத் தூக்கிப் படகில் வைத்துக்கொண்டு, வடக்கே வெறும் சேறு மட்டுமே இருக்கும் சமதளத்துக்குப் போய், அங்கே இறக்கினாள். கயிற்றை அந்த ஆழத்துக்குச் சுருக்கிக் கட்டினாள். சுற்றிலும் கரை முழுக்க ஒரே மாதிரி ஊசியிலை மரங்கள். புதிதாக வந்தவனுக்கு இங்கே எந்தத் திசையும் ஒன்றுதான்.

ஒன்பது மணிக்கு விருந்தாளிகளின் இரண்டு படகுகளும் நேரே கேனுக்குப் போயின. எனிஸ் ஒரு படகில் இருந்தான். மத்தியானம் வெர்னாவின் வீட்டுக்கு வந்தபோது சிரிப்பை அடக்க முடியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

“மூணு மணி நேரம்க்கா. ஒரு கடி இல்ல. ஒருத்தர் சொன்னாரு, முந்தாநாள் இன்னும் ஆழமா இருந்துச்சேன்னு. அதுக்கு ஹார்லன், கேன் இங்கதானே இருக்கு, தூண்டிலை ஒழுங்கா விடுய்யாங்கறாரு.”

வெர்னா சிரிக்கவில்லை. புகைப்பந்தலின் மேல் மீன் துண்டுகளைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். கீழே ஈர மரத்துண்டுகள் புகைந்து கண்ணை எரித்தன.

“செப்டம்பர்ல சித்தப்பா வலை போட வருவாரு,” என்றாள்.

எனிஸின் சிரிப்பு நின்றது. சித்தப்பா அந்தச் சிவப்புப் பட்டையைத் தேடிப் பார்ப்பார். பார்த்ததும், அப்பா சொல்லிக்கொடுத்தபடி, அதைவிட்டு நன்றாக விலகிப் போய் வலையை விரிப்பார். இப்போது கேன் இருக்கும் சேற்றைவிட்டு விலகிப் போனால் வருவது மடு.

“அவருக்கு ரேடியோவுல சொல்லிரு. நம்ம ஆளுங்க எல்லாருக்கும் சொல்லு. கேன நம்பாதீங்கன்னு சொல்லு.”

“எப்படிக்கா சொல்றது? அம்பது வருஷமா அதைப் பார்த்துத்தான் படகு விடறாரு. ஏன்டான்னு கேட்பாரே.”

வெர்னா கையிலிருந்த துண்டைப் பந்தலில் வைத்தாள். 

“உங்க அண்ணன் கட்டின மிதவை பொய் சொல்லுதுன்னு சொல்லு. வெர்னாதான் அதைப் பொய் சொல்ல வச்சாள்னு சொல்லு.”